எண்ணப்படாத பருவம்: வடசென்னையின் குளிர்காலப் பறவைகள்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் காட்டுப்பள்ளி வரை நீளும் கரையில், ஐப்பசி முதல் பங்குனி வரை என்னென்ன பறவைகள் வந்து தங்குகின்றன? கேள்வி எளியது. விடை எழுத உட்காரும்போதுதான் நம் கையில் இருப்பது அரைகுறைப் பட்டியல் என்பது தெரியவருகிறது. தெற்கே பள்ளிக்கரணைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் பல பத்தாண்டுக் குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த வாத்து குறைந்தது, எந்தக் குட்டையில் எந்தப் பறவை முதன்முதலாகத் தென்பட்டது என்று அங்கே வாதாடக்கூட முடியும். கூவத்தைத் தாண்டி வடக்கே வந்தால் குறிப்புகள் திட்டுத்திட்டாகவே கிடைக்கின்றன. விடுமுறைக் காலையில் குழுவாக வந்துபோனவர்கள் போட்ட பட்டியல் ஒன்று, எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு நாளிதழில் வந்த படம் ஒன்று, ஏதோ ஒரு திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் அரைப்பக்க அட்டவணை ஒன்று.

அந்தத் திட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இந்தப் பட்டியல் மெலிந்திருப்பதற்குக் காரணம் பறவைகளைவிடப் பார்ப்பவர்களே. பார்த்தவர்கள் குறைவு, பார்த்த நாட்கள் குறைவு, பார்க்க விட்ட இடங்களும் குறைவு. ஆனால் அந்த மெலிந்த பட்டியல்தான் பசுமைத் தீர்ப்பாயத்திலும் திட்ட மதிப்பீட்டிலும் சாட்சியாகப் போய் நிற்கிறது. அங்கே 'பதிவில் இல்லை' என்பது 'பறவையே இல்லை' என்று படிக்கப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தியப் பறவைப் பட்டியல்களில் மிகப் பழையது ஒன்று பிறந்தது ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, இங்குள்ள பறவைகளின் விவரங்களையும் படங்களையும் லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார். அவை 1713இல் ஜான் ரேயின் பறவை நூலோடு சேர்ந்து அச்சேறின. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து டி.சி. ஜெர்டன் தம் இந்தியப் பறவைப் பட நூலை வெளியிட்டதும் இதே மதராஸிலிருந்துதான். வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயரில் இன்றும் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயரைச் சுமக்கும் அந்தப் பறவை வலசை போவதில்லை. ஆண்டு முழுக்க இங்கேயே இருந்துகொண்டு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்துசேரும் சாம்பல், மஞ்சள் வாலாட்டிகளோடு நீர்க்கரையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. இவ்வளவு முன்னரே தொடங்கிய வேலை, கோட்டைக்கு வடக்கே உள்ள பகுதியை மட்டும் ஏனோ விட்டுவிட்டது. 1978இல் தொடங்கிய மதராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் வார இறுதி நடைகளும் பெரும்பாலும் கிண்டி, அடையாறு, பள்ளிக்கரணை என்று தெற்கே போய்விட்டு, வடக்கே ஒரே தாவலில் பழவேற்காட்டுக்குப் போய் இறங்கின. இடையில் கிடந்த எண்ணூர் ரயில் ஜன்னலில் கடந்துபோகும் ஊராகவே இருந்தது.

எண்ணத் தொடங்குமுன்பே போய்விட்ட பறவைகளும் உண்டு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம் கடலுக்குள் நீட்டிய கைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, கருங்கற்கள் வந்தன. மணல் கரை கற்சுவராக மாறியபோது அலை பின்வாங்கும் ஈர விளிம்பும் போய்விட்டது. அந்த விளிம்பில் ஓடியோடி இரை பொறுக்கும் சாண்டர்லிங் போன்ற சிறு பறவைகளுக்கும் மணலில் நண்டு தேடும் உப்புக்கொத்திகளுக்கும் இங்கே எவ்வளவு இடம் இருந்தது என்பதை இனிக் கணக்கிட வழியில்லை. கற்களை விரும்பும் ஒருசில பறவைகள் மட்டும் ஆதாயம் அடைந்தன: கல்லிடுக்கில் அலகை நுழைக்கும் கல்திருப்பி உள்ளான், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சாதாரண உள்ளான், அலை தெறிக்கும் பாறையில் அசையாமல் நிற்கும் கரைக்கொக்கு. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் கொஞ்சம் திரும்பிச் சேர்ந்த இடங்களில் என்ன திரும்பி வந்திருக்கிறது என்பது, யாராவது இரண்டு குளிர்காலம் தொடர்ந்து நின்று பார்த்தால் சொல்லக்கூடிய செய்தி. செலவும் அதிகமில்லை, பேருந்துக் கட்டணம்தான்.

குளிர்காலம் என்ற சொல்லே இங்கே சற்று ஏமாற்றும். வலசைப் பறவைகள் நாம் கம்பளி தேடும் மார்கழிக்காகக் காத்திருப்பதில்லை. சாதாரண உள்ளான் ஆகஸ்டிலேயே வந்துவிடும். சைபீரியத் துந்திராவில் குறுகிய கோடைக்குள் குஞ்சு பொரித்து முடித்த கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் செப்டம்பரில் வரத் தொடங்கும். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்கும் குறைவு. வாய்க்கால் ஓரத்து மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசைகட்ட அக்டோபர் ஆகும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை அதற்கும் பின்னால். மறுபுறம், பயணம் முடிந்து திரும்பும் கூட்டங்கள் ஏப்ரல் வரைகூட நிற்கும். முதல் ஆண்டுக் குஞ்சுகளில் சில, இனப்பெருக்கத்துக்குப் போகும் வயது வராததால், கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும். ஆக ஏறக்குறைய எட்டு மாத விவகாரம் இது.

இந்த எட்டு மாதத்தைக் குறுக்கே வெட்டுவது வடகிழக்குப் பருவமழை. ஐரோப்பாவின் கழிமுகங்களில் சேற்றுநிலம் ஓத ஏற்றவற்றத்தால் தினமும் இருமுறை திறந்து மூடும். சென்னைக் கரையில் ஓத உயர வேறுபாடு அதிகபட்சம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதனால் எண்ணூரில் சேறு வெளியே தெரிவது ஓதத்தைவிட மழையையும் ஆற்றையும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. பூண்டியின் மதகுகள் திறந்தால் கொசஸ்தலையாறு பெருகி உப்பளங்களும் சேற்றுத்திட்டுகளும் மூழ்கிவிடும். நீளக்கால் பறவைகளைத் தவிர மற்றவற்றுக்கு அப்போது நிற்க இடமில்லை. அவை பழவேற்காட்டுப் பக்கமோ உள்நாட்டு வயல்களுக்கோ ஒதுங்கும். தை பிறந்து நீர் வற்ற வற்ற, மாசி பங்குனியில் சேறு திட்டுத்திட்டாக மேலே வரும். அதுவே கரைப்பறவைகளுக்கு விருந்துக் காலம். வடக்கே திரும்புமுன் உடம்பில் கொழுப்பேற்ற வேண்டிய காலமும் அதுதான்.

நம் கணக்கெடுப்புகள் எப்போது நடக்கின்றன என்று இப்போது பாருங்கள். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். 2015இல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு பெயருக்கேற்பப் பொங்கல் நாட்களில். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எண்ண வேண்டும் என்பதால் ஜனவரி நியாயமான மாதமே. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டில் ஜனவரி நடுவில் எண்ணூர் இன்னும் நீர் நிரம்பித்தான் கிடக்கும். அன்று போனவர் கூழைக்கடா, நீர்க்காகம், மீசை ஆலா, சில கொக்குகள் என்று எழுதிவிட்டு, கரைப்பறவை குறைவு என்று முடித்துக்கொள்வார். ஐந்து வாரம் கழித்து அதே இடத்தில் நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் பட்டாணி உப்புக்கொத்தியும் சேற்றை மறைத்துக்கொண்டு நிற்கலாம். மழை பொய்த்த ஆண்டில் எல்லாம் தலைகீழ்: ஜனவரியிலேயே கூட்டம், மார்ச்சில் வெறும் வெடித்த தரை. ஓர் ஆண்டின் ஜனவரியை இன்னோர் ஆண்டின் ஜனவரியோடு ஒப்பிட்டுக் 'குறைந்தது, கூடியது' என்று எழுதப்படும் வரிகளை இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை நான் நம்புவதில்லை. நீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற குறிப்பு பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

இடங்களைப் பொறுத்தும் பட்டியல் வெகுவாக மாறும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் விடியலில் மேலே வட்டமிடுவது பெரும்பாலும் கள்ளப்பருந்து. நடுவே செந்நிற முதுகும் வெள்ளைத் தலையுமாகச் செம்பருந்து. குளிர்காலத்தில் இவற்றோடு கடற்காகங்கள் சேர்கின்றன. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பகுதி ஏரிகளில் கூடு கட்டுவது. அங்கே நான்காயிரம் மீட்டர் உயரத்தில் பிறந்த குஞ்சு இங்கே விசைப்படகு வீசும் கழிவு மீனுக்கு ஆலாக்களோடு சண்டைபோடுகிறது. குளிர்காலத்தில் அதன் தலையில் பழுப்பு இருக்காது. கண்ணுக்குப் பின்னே ஒரு கறை மட்டும் இருக்கும். கருந்தலைக் கடற்காகமும் அப்படியே நிறம் மாறி வருவதால் இரண்டையும் பிரிக்க இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும். பார்க்காமலே 'கடற்காகம், சில' என்று எழுதப்பட்ட பட்டியல்கள் ஏராளம்.

திருவொற்றியூர் கரையை விரைவாகக் கடந்துவிடலாம். கற்சுவர், கண்டெய்னர் லாரி, சாலைப் புழுதி. கடலுக்கு மேலே பறக்கும் பெரிய ஆலாக்களைத் தொலைநோக்கியில் பிடிக்க நினைப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். மேற்கே மணலியைச் சுற்றி நிலைமை வேறு. சடையங்குப்பம், கடப்பாக்கம் பக்கத்து ஏரிகளும் தாழ்நிலங்களும் ஆகாயத்தாமரையோடும் கோரையோடும் நன்னீர்ப் பறவைகளுக்கு இடம் தருகின்றன. தாழைக்கோழி, நாமக்கோழி, இலைக்கோழி இவையெல்லாம் உள்ளூர்க்காரர்கள். குளிர்காலத்தில் மேலே தாழப் பறந்து இவற்றைக் கலைக்கும் சேற்றுப் பூனைப்பருந்துதான் விருந்தாளி.

உண்மையான வளம் எண்ணூர்க் கழிமுகத்தில். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் கலக்கும் இந்த நீர்ப்பரப்பில் அலையாத்தித் திட்டு, உப்பளம், சேறு, ஆழ்ந்த ஓடை, மணல் கரை எல்லாம் ஒரு சைக்கிள் தூரத்துக்குள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. இரண்டையும் கால்வாய் இணைக்கிறது. வரைபடம்தான் அவற்றை இரண்டு இடங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. பறவைகள் அங்கே நீர் ஆழமானால் இங்கும், இங்கே கலங்கினால் அங்கும் மாறிக்கொள்கின்றன. பழவேற்காட்டைச் சரணாலயமாக்கிவிட்டு எண்ணூரைத் தொழிற்பேட்டையாக்கியது வீட்டின் ஓர் அறையைப் பூட்டிப் பாதுகாத்துவிட்டு அடுத்த அறையைக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டதைப் போன்றது.

சேற்றில் கூடும் பறவைகளைக் கொஞ்சம் நின்று பார்ப்பது பலன் தரும். எல்லாம் ஒரே இடத்தில் மேய்வது போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு மாடியில் சாப்பிடுகிறது. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். மேற்பரப்பில் அசைவைப் பார்த்து ஓடிக் கொத்தும். கொசு உள்ளான் தையல் இயந்திரம் ஓடுவது மாதிரி மேல் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். பவளக்காலியின் அலகு இன்னும் ஆழம் போகும். கருவால் மூக்கன் முகம் முழுக்கச் சேற்றில் புதைய உள்ளே துழாவும். வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான் நண்டு வளையின் அடிவரை எட்டும். ஒரு சதுர மீட்டர் சேற்றில் எத்தனை புழு, எத்தனை சிப்பி, எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதுதான் மேலே எத்தனை பறவை நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சாம்பல் விவகாரம் இங்கேதான் பறவைகளைத் தொடுகிறது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் ஓடத் தொடங்கியது. பிறகு வல்லூர் நிலையம் வந்தது. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும் முறையில் குழாய்கள் அடிக்கடி ஒழுகின. செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குட்டையிலிருந்தும் குழாய் வழிகளிலிருந்தும் சாம்பல் கழிமுகத்தில் இறங்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் அந்தச் சாம்பலை அகற்றி நீர்நிலையை மீட்கும்படி உத்தரவிட்டது. மீனவர்களுக்கு இது தீர்ப்பாயம் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி இல்லை. கால் வைத்தால் புதையும் கருஞ்சேறு எங்கே முடிந்து, சிமெண்டுபோல இறுகும் சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இறால் தடவுகிறவர்களின் விரல்களுக்கே தெரியும். இறால் இல்லாத அந்தத் தரையில் புழுவும் இராது. புழு இல்லாத தரையில் மூக்கனுக்கு வேலை இல்லை. சாம்பல் படிந்த சேற்றையும் படியாத சேற்றையும் பக்கம் பக்கமாக வைத்து, அடியில் உள்ள உயிர்களையும் மேலே மேயும் பறவைகளையும் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து எண்ணினால், சாம்பலை எங்கே முதலில் அள்ள வேண்டும் என்பதற்கே அது வழிகாட்டும். மாணவர் ஒருவரின் ஆய்வுப் பட்டத்துக்கு ஏற்ற அளவுதான்.

எண்ணெய் இன்னொரு கதை. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரியெண்ணெய் எர்ணாவூர் பக்கத்துக் கற்களில் தடித்துப் படிந்ததும் இளைஞர்கள் வாளியால் அள்ளியதும் பலருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 4ஆம் தேதியை ஒட்டி மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. மணலியில் உள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவன வளாகத்தின் மழைநீர் வெளியேற்றக் குறைபாட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சுட்டிக்காட்டியது. இரண்டு விபத்துகளும் வலசைப் பருவத்தின் நடுவில் நடந்தவை. 2023இல் அலையாத்தி வேர்களில் கறுப்பு ஏறியது. கூழைக்கடாக்கள் வயிறும் இறக்கையும் எண்ணெயில் தோய்ந்து நின்றன. வனத்துறையினர் வலையோடு பின்னால் அலைந்தனர்.

கூழைக்கடாவின் படம் எல்லா நாளிதழிலும் வந்தது. வெள்ளை உடம்பு, பெரிய உருவம். கறை பளிச்சென்று தெரியும். எண்ணெய் பட்ட இறகின் நுண்ணிழைகள் ஒட்டிக்கொள்ள, நீர் உள்ளே புகும். பறவை அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயையே விழுங்கும். இதே கதி சேற்று நிறத்தில் உள்ளங்கை அளவே இருக்கும் கொசு உள்ளானுக்கு நேர்ந்தால் யார் கண்ணில் படும்? புதருக்குள் ஒதுங்கிச் செத்தால் இரவுக்குள் கீரியோ நாயோ கொண்டுபோய்விடும். அந்தப் பருவத்தில் எத்தனை சிறு பறவைகள் போயின என்ற கேள்விக்கு விடையே கிடையாது, ஏனென்றால் விபத்துக்கு முந்தைய வாரம் எத்தனை இருந்தன என்று எழுதிவைத்தவர் இல்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. போதுமா என்பது தனி வழக்கு. குறைந்தபட்சம் குடும்பங்களின் எண்ணிக்கையும் படகுகளின் எண்ணிக்கையும் தெரிந்திருந்ததால் ஒரு கணக்குப் போட முடிந்தது. பறவைகளுக்கு அந்த முதல் வரியே இல்லை.

பார்க்கிறவர்கள் வடக்கே ஏன் வருவதில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது அநியாயம். மின் நிலையங்கள், துறைமுகங்கள், கப்பல் கட்டுமிடம், எண்ணெய்க் கிடங்குகள் என்று கரையில் பாதி வேலிக்குள். தொலைநோக்கியும் நீண்ட லென்ஸும் வைத்துக்கொண்டு நிற்பவரைப் பாதுகாப்புக் காவலர் கேள்வி கேட்காமல் விடமாட்டார். பறவை பார்க்கிறேன் என்ற பதில் அவருக்குப் புதிது. பொன்னேரி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே இருசக்கர வண்டியில் போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பெண்கள் தனியாக நிற்கத் தோதான இடங்களும் குறைவு. இதன் விளைவாகப் பாலத்தின் மேலிருந்து தெரிவதுதான் பட்டியலில் ஏறுகிறது. உயர் ஓதத்தின்போது பறவைகள் கூட்டமாக ஒதுங்கி உறங்கும் திட்டுகள் பெரும்பாலும் வேலிக்குப் பின்னால் இருப்பதால், மொத்தமாக எண்ணக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் போய்விடுகிறது.

ஆனாலும் ஒரு குற்றச்சாட்டை வைத்தே ஆக வேண்டும். நம்மில் பலர் படம் எடுக்கவே போகிறோம். பின்னணியில் புகைபோக்கி நிற்கும் படம் யாருக்கும் பிடிப்பதில்லை. பூநாரைக் கூட்டம் வந்தால் மட்டும் அதே புகைபோக்கி அழகாகிவிடும். இதனால் எண்ணூர் பற்றிய பொது அறிவு முழுக்கப் பூநாரையும் கூழைக்கடாவுமாகச் சுருங்கிவிட்டது. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 16 வலசைக் கரைப்பறவை இனங்களின் அபாய நிலையை ஒரே நேரத்தில் உயர்த்தியது. சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் 'அழிவாய்ப்பு' நிலைக்குப் போயின. கல்திருப்பி உள்ளானும் பட்டியலில் இருக்கிறது. இவையெல்லாம் சோழமண்டலக் கரையின் வாடிக்கையான குளிர்கால விருந்தினர்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகள் வளையமிட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன், அங்கே கரைப்பறவைகள் பெருமளவு சரிந்ததை இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அங்கே சரிவைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், சரிவதற்கு முன்பே எண்ணி வைத்திருந்தார்கள்.

தொழிற்பேட்டை என்பதாலேயே பறவை ஆய்வு முடியாது என்று சொல்வதற்கு மும்பை எதிர்ச்சான்று. சேவ்ரி, மாகுல் சேற்றுநிலங்கள் துறைமுகக் கிடங்குகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் நடுவில் கிடப்பவை. 1990களில் பூநாரைகள் அங்கே கூடத் தொடங்கியபோது ஆட்கள் தொடர்ந்து போய் எண்ணினார்கள். தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று; 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு நம் பள்ளிக்கரணையும் ஏறியது. எண்ணூர் அந்தப் பட்டியலில் இல்லை. மும்பைக் கதையில் ஒரு முள்ளும் உண்டு. சாக்கடை நீரின் உரச்சத்தால் பெருகும் பாசியே அங்கே பூநாரைகளை ஈர்க்கிறது என்று கருதப்படுகிறது. பறவை நிறைய வருவதை நீர் சுத்தமாக இருப்பதற்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. 'பூநாரையே வந்துவிட்டது, இன்னும் என்ன மாசு?' என்று யாராவது எண்ணூரில் கேட்டால், வேறு போக்கிடம் இல்லாமலும் வரலாம், பழவேற்காட்டில் நீர் ஆழமாகிவிட்டதாலும் வரலாம் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணிக்கை மட்டும் போதாது. எவ்வளவு நேரம் மேய்ந்தன, என்ன தின்றன, தொந்தரவில் எத்தனை முறை எழுந்து பறந்தன என்பவையும் சேர வேண்டும்.

மெலிந்த பட்டியலுக்கு விலை உண்டு என்பதைக் கடைசியாகச் சொல்கிறேன். புதிய திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் தரவு சேகரிக்க வழக்கமாகக் கேட்கப்படுவது 'மழைக்காலம் நீங்கலான ஒரு பருவம்'. மூன்று மாதம் போதும். அந்த மூன்று மாதம் மார்ச் முதல் மே என்று அமைந்தால், பறவைகள் கிளம்பும்போது ஆய்வு தொடங்கும். கிளம்பிய பிறகு முடியும். டிசம்பரில் தொடங்கினால் நீர் நிரம்பிய காலம் அகப்படும், சேறு வெளிவரும் காலம் தப்பும். வடகிழக்குப் பருவமழைக் கரைக்கு இந்த ஒற்றைப் பருவ விதி எந்த வகையிலும் பொருந்தாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கர் அளவுக்கு விரிக்கும் திட்டம் பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும்பகுதி பின்னர் காட்டப்பட்ட வரைபடத்தில் காணாமல் போன சர்ச்சையும் இங்கேதான். வரைபடத்திலிருந்தே ஓர் ஆறு நழுவ முடிந்த இடத்தில், எழுதி வைக்கப்படாத உள்ளான் கூட்டத்துக்கு யார் வக்காலத்து வாங்குவது?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. எண்ணூர்ப் பாலம், முகத்துவாரம், அத்திப்பட்டு உப்பளம், செப்பாக்கம், மணலிச் சுற்று ஏரிகள் என்று நிலையான சில இடங்கள் வேண்டும். ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். சாலையிலிருந்து எண்ணுவது பாதிதான். மீதிக்குப் படகு வேண்டும், கழிமுகத்தின் மேடு பள்ளம் தெரிந்த மீனவர் வேண்டும், அவருக்கு ஒரு நாள் கூலியும் ஆய்வில் அவர் பெயரும் வேண்டும். எந்தத் திட்டில் எந்த மாதம் பறவை அடையும் என்று அவரிடம் கேட்ட பிறகுதான் தொலைநோக்கியைத் திறக்க வேண்டும். மின் நிலையமும் துறைமுகங்களும் தங்கள் வேலிக்குள் இருக்கும் சாம்பல் குட்டைகளுக்கும் குளங்களுக்கும் மாதம் ஒரு காலை அனுமதி தந்தால் போதும். அதைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் மீட்புப் பணி உத்தரவுகளோடு சேர்த்துக் கட்டாயமாக்கவும் முடியும். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் எண்ணூருக்கு ஜனவரியோடு மாசி மாதத்தில் இன்னொரு நாளும் ஒதுக்கலாம். வரும் பருவத்தின் முதல் உள்ளான் ஆகஸ்டில் இறங்கிவிடும் என்பதால், படகுக்குச் சொல்லிவைக்க வேண்டியது ஆடி மாதத்திலேயே.